தெற்குக் கொம்பு உயர்ந்த ஊர்

குளத்தூர்
20-5-1937

தம்பி ஆத்மநாதனுக்கு அக்கா அமிர்தவல்லி எழுதுவது.

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. கப்பலில் எல்லோரும் தலைசுற்றிப் படுத்துக்கொண்டபோது நீ மட்டும் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டதாக கேப் டவுனிலிருந்து எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் வந்த ஆத்திரத்தில் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். உன் மாமா பிடுங்கி வைத்துக்கொண்டார். "பாவம், வெள்ளந்தியா எழுதிருக்கான், விடு" என்கிறார். பஸ் ஓட்டுகிறவருக்கு ஊர் சுற்றுகிறவனைக் கண்டால் பாசம் வராமல் இருக்குமா?

நீ புறப்பட்ட அன்று நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். இருக்கட்டும். பார்லோ துரைசானிக்கு உலகம் சுற்ற ஆசை வந்தால் அவள் சுற்றட்டும். திருச்சி பங்களாவில் அவளுக்குச் சமைத்துப் போட்டவன் அவளோடு கப்பலிலும் ஏற வேண்டுமா? நான் முழுகாமல் இருக்கிறேன் என்று சொன்ன பிறகும் நீ படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டுதான் இருந்தாய். "பொரட்டாசிக்குள்ள வந்துருவேன்க்கா" என்றாய். கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னாய். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆத்தாவும் அப்பாவும் போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அது நீதான். பிரசவத்துக்கு நான் குடுமியான்மலைக்குப் போக வேண்டும். நீயோ வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டிவிட்டாய். நேற்று என் மாமியார் பக்கத்து வீட்டுச் செவந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கும்படியாகத்தான். "தாய்வீட்டுல மனுசங்க இருந்தா அனுப்பலாம். பூட்டுக்கிட்டயா புள்ள பெத்துக்க அனுப்புறது?" உள்ளே போய் அழுதேன்.

இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் நீதான் சேனை வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை யார் நாக்கில் தொட்டு வைக்கிறாரோ அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும். உன் புத்தி வந்தால் என் பிள்ளையும் ஒருநாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும்.

என்ன திட்டினாலும் மனசு கேட்கவில்லை. ஒன்று செய். மாதா மாதம் மூன்றாம் பிறை அன்று நீ அங்கே பார், நான் இங்கே பார்க்கிறேன். வடக்குக் கொம்பு உயர்ந்திருந்தால் வீட்டுக்கு நல்லது என்பது உனக்குத் தெரியும். முந்தின வருஷம் எனக்குப் பிள்ளை தங்காமல் போன பங்குனியில் தெற்குக் கொம்பு தூக்கி நின்றது. அதை நீதான் முதலில் பார்த்தாய், என்னிடம் சொல்லாமல் மறைத்தாய். இந்தத் தடவை எதையும் மறைக்காதே.

குளிரில் தலையில் துண்டு கட்டிக்கொள்.

உன் அக்கா
அமிர்தவல்லி


மாண்டிவிடியோ
12-6-1937

அன்புள்ள அக்காவுக்கு, திட்டு வாங்கிய தம்பி விழுந்து கும்பிட்டு எழுதுவது.

உன் கடிதத்தை ஆகாய விமானம் கொண்டுவந்து கொடுத்தது. உன் கோபமும் அதில்தான் ஏறி வந்ததா, இவ்வளவு சூடாக இருக்கிறதே! மாமியார் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இங்கே ரொட்டிதான்.

இது உருகுவே என்ற தேசத்தின் தலைநகரம். தலைநகரம் என்றதும் மெட்ராஸ் மாதிரி இரைச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். அக்கா, இங்கே டிராம்கூட யாரையோ எழுப்பிவிடுவோமோ என்று பயந்து போகிறது. மத்தியானம் கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகிறார்கள். ஊர் நடுவே பெரிய மைதானம், அதில் குதிரைமேல் ஒரு தலைவர் சிலை, பக்கத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கோபுரம் மாதிரி ஒரு கட்டடம். மரங்களில் ஓர் இலை இல்லை. வைகாசி மாதத்தில் இங்கே மார்கழிக் குளிர். சொன்னால் நம்பமாட்டாய்.

கடலோரம் மைல் கணக்கில் ஒரு ரோடு போகிறது. கடல் என்று நான் சொல்கிறேன், இவர்கள் ஆறு என்கிறார்கள். மறுகரை தெரியவில்லை. தண்ணீர் மட்டும் நம் வெள்ளாற்றில் புதுவெள்ளம் வந்தாற்போல் செங்காவியாக இருக்கிறது. துரைசானிக்கு அந்த ரோடு ரொம்பப் பிடித்துவிட்டது. நாங்கள் தங்கியிருக்கும் இடத்தில் விடுதிக்காரர்களே சமைக்கிறார்கள். அதனால் சமையல்காரனுக்குச் சமையல் இல்லை. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஊர் பார்ப்பதுதான் வேலை. அவள் உட்கார்ந்து படம் வரைவாள். நான் பக்கத்தில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்ப்பேன், அவர்கள் என் தலைப்பாகையைப் பார்ப்பார்கள். நாற்காலி போடுவதிலும் ஒரு வேடிக்கை. வெயில் நடுப்பகலில்கூட உச்சிக்கு வராது. வடக்கே சாய்ந்தபடியே போய் விழுந்துவிடும். நான் நம் ஊர்க் கணக்கில் போட்டுப் போட்டு அவள் முகத்தில் வெயில் அடித்துத் திட்டு வாங்கினேன்.

ஒருநாள் மாலையில் பூங்காக் காவல்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்த ஊரில் எல்லோர் கையிலும் ஒரு சின்னச் சுரைக்குடுக்கை இருக்கும். அதில் பச்சை இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரு வெள்ளிக் குழலால் உறிஞ்சுகிறார்கள். ஒரே குழல்தான், கை மாறி மாறிப் போகும். எச்சில் பண்ணக் கூடாதே என்று நான் குழலை உருவி அவர் கையில் கொடுத்துவிட்டுக் குடுக்கையை அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். இலைத்தூள் அத்தனையும் என் மூஞ்சியில். மூக்கு வெந்துபோயிற்று. அவர் சிரித்த சிரிப்பில் இந்த ஊரில் முதல் தடவையாகச் சத்தம் கேட்டது.

பிறை பார்த்தேன். மேகம் இல்லை, நன்றாகத் தெரிந்தது. உனக்காகக் கும்பிட்டுக்கொண்டேன்.

சுமை எதையும் தூக்காதே. மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
ஆத்மநாதன்


குளத்தூர்
4-7-1937

தம்பிக்கு,

நீ அண்ணாந்து குடித்த கதையை உன் மாமா பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கீரனூர் வரைக்கும் பரப்பிவிட்டார். நேற்று முகம் தெரியாத ஒரு அம்மாள் வந்து, "மூஞ்சி வெந்துபோன பையனோட அக்கா நீதானாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். உனக்கு நல்ல பெயர்தான்.

நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. ஆனால் ஒன்று சொல்கிறேன். மாமா படித்ததும் நான் இன்னொரு தடவை வாங்கிப் படித்தேன். செவந்தி வந்து கேட்டாள் என்று அவளுக்கு ஒரு தடவை. அவள் கேட்கவே இல்லை, நானாகத்தான் கூப்பிட்டு வாசித்தேன். நான் திருச்சிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. மறுகரை தெரியாத ஆறு எப்படி இருக்கும் என்று நேற்றுச் சோறு வடிக்கும்போது யோசித்துக்கொண்டே கையைச் சுட்டுக்கொண்டேன். அந்த ஊரைப் பற்றி இன்னும் எழுது. அங்கே பெண்கள் தனியாக வெளியே போவார்களா? அந்தக் கடலோர ரோட்டில் உட்காருவார்களா?

இப்போது முக்கியமான விஷயம். பிறை பார்த்தேன் என்று எழுதிவிட்டு எந்தக் கொம்பு என்று எழுதவில்லை. சுரைக்குடுக்கைக்கு ஒரு பத்தி, பிறைக்கு ஒரு வரியா? உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நீ எதை விழுங்கினாலும் எனக்குத் தெரியும். என்ன பார்த்தாய், சொல்.

நான் நன்றாக இருக்கிறேன். பிள்ளை உள்ளே உருளுகிறது. மாங்காய் காலம் முடிந்துவிட்டது, அதுதான் வருத்தம்.

அமிர்தவல்லி


மாண்டிவிடியோ
26-7-1937

அக்காவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதை எழுதக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும்.

இங்கே பெண்கள் தனியாகத்தான் போகிறார்கள். டிராமில் ஏறி ஆபீசுக்குப் போகிறார்கள், காப்பிக் கடையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார்கள். ஒருத்தி மோட்டார் ஓட்டிப் போனதைப் பார்த்தேன், மாமாவிடம் சொல். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு சின்னப் பெண் வெள்ளை அங்கியில், கழுத்தில் நீல முடிச்சோடு, கடலோர ரோட்டில் நடந்து வருவாள். கூட யாரும் இல்லை. நின்று தண்ணீரைப் பார்ப்பாள். கல் எறிவாள். துரைசானி வரைகிற படத்தை எட்டிப் பார்த்து, சரியில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அவளை யாரும் 'எங்க போற' என்று கேட்பதே இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம். உன்னை அந்த வயதில் யாராவது இப்படி விட்டிருந்தால் நீ என்னைவிடத் தூரம் போயிருப்பாய்.

சரி, பிறை. இரண்டு மாதமும் பார்த்தேன். இரண்டு மாதமும் தெற்குக் கொம்புதான் தூக்கி நின்றது. கொஞ்சம் நஞ்சம் இல்லை அக்கா, அந்தப் பங்குனியில் பார்த்ததைப்போல் இரண்டு பங்கு. சூரியன் விழுந்த திசையைப் பார்த்து நின்று, இடது கைப் பக்கம் தெற்கு என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். தப்பே இல்லை. முதல் மாதம் உனக்கு எழுதக் கை வரவில்லை. இந்த மாதம் பார்த்ததும் அந்த மைதானத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் ஊர் அமைதியாக இருந்தது. இவ்வளவு அழகான இடத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு என்ன ஆகுமோ என்று நடுங்குவதற்கா கடல் தாண்டி வந்தேன் என்று அழுகை வந்தது.

அங்கேயே நம் ஐயனாருக்கு வேண்டிக்கொண்டேன். அக்காவும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தால் ஒரு மண்குதிரை எடுத்து வைக்கிறேன், இனிமேல் ஆயுளுக்கும் கடல் தாண்டமாட்டேன் என்று.

எதை விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துரைசானி அடுத்து லிஸ்பன் போகிறாள், அப்புறம் லண்டன். அங்கே வீடு எடுத்து இருக்கப்போகிறாளாம். "நீயும் வா, வருஷத்துக்கு ஒரு புது ஊர் காட்டுகிறேன்" என்கிறாள். எனக்குச் சமையல் ஒரு சாக்கு அக்கா. எனக்கு ஊர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் வெந்நீரை எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆனால் வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான். துரைசானியிடம் இன்னும் சொல்லவில்லை.

உடனே பதில் எழுது. நீ நலம் என்று ஒரு வரி போதும்.

ஆத்மநாதன்


குளத்தூர்
17-8-1937

என் அசட்டுத் தம்பிக்கு,

ஒரு வரி போதும் என்றாய். நலம். இனிமேல் உன்னைத் திட்டுகிறேன், கேள்.

நீ பார்த்த இரண்டு பிறையையும் நானும் பார்த்தேன். ஆடிப் பிறையை உன் மாமா, செவந்தி, மாமியார், நான் நால்வருமாகச் சேர்ந்து பார்த்தோம். மூன்றிலும் வடக்குக் கொம்பு நன்றாக உயர்ந்திருந்தது. ஒரே பிறை இங்கே ஒரு மாதிரியும் அங்கே ஒரு மாதிரியுமாக நிற்கிறதே என்று முதலில் நானும் பயந்தேன். பிறகு உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். வெயில் உச்சிக்கு வராமல் வடக்கே சாய்ந்து போகிறது என்று நீதானே எழுதியிருக்கிறாய்? சூரியனும் சந்திரனும் ஒரே ரோட்டில் போகிற இரண்டு பஸ். அங்கே ரோடே வடக்கே சாய்ந்து கிடந்தால் இரண்டு பஸ்ஸும் சாய்ந்துதானே போகும், பிறையின் தெற்குக் கொம்பு தூக்கத்தானே செய்யும்? உன் துரைசானி நாற்காலியை ஊருக்குத் தக்கபடி திருப்பிப் போடத் தெரிந்தவனுக்குப் பிறையைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை. மாமா சொல்கிறார்: "பெற நேராத்தான் இருக்கு. ஒந்தம்பிதான் சாஞ்சு நிக்கிறான்."

ஆகையால் உன் வேண்டுதல் செல்லாது. மண்குதிரை செய்து பூசையும் பண்ணுகிற கோயில் வேளாரிடமே போய்க் கேட்டுவிட்டேன். "தப்பாப் பாத்த பெறைக்குச் சாமி கோவிச்சுக்கிறாது தாயி. குருதய மட்டும் எடுத்து வச்சுருங்க" என்றார். குதிரையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். கடல் உன்னுடையது. லிஸ்பனோ லண்டனோ, போக வேண்டுமென்றால் போ.

மறைக்காதே என்று உனக்குச் சொல்லிவிட்டு நான் மறைக்கக் கூடாது. ஆடியில் ஒருநாள் எனக்கு வலி வந்தது. மாமா புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸிலேயே கொண்டுபோனார். பாசஞ்சர்கள் எல்லோரும் இடையில் இறங்கமாட்டோம் என்று கூடவே வந்தார்கள். படுத்திருக்கச் சொன்னார்கள். இப்போது சரியாகிவிட்டது. ஐப்பசி முதலில் ஆகும் என்கிறார்கள். அன்று பஸ்ஸில் படுத்துக்கொண்டு போகும்போது எனக்கு நீ வேண்டும் என்று இருந்தது. உன்னோடு சண்டை போட வேண்டும் என்று இருந்தது.

ஆனால் அதற்காக வராதே. பயந்துபோய் வராதே, வேண்டுதலுக்குக் கட்டுப்பட்டும் வராதே. அப்படி வந்து என் வீட்டு வாசலில் நின்றால், உன் காலைக் கட்டிப்போட்டவள் நான் என்று ஆயுளுக்கும் என் மனசு குத்தும். உனக்காக வரத் தோன்றினால் வா. தோன்றாவிட்டால் கடிதம் எழுது. நன்றாக, நீளமாக எழுது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் இன்னும் வருகிறாளா?

உன் அக்கா


கொழும்பு
8-10-1937

அன்புள்ள அக்காவுக்கு,

ஆம், கொழும்புதான். முத்திரையைப் பார்த்து மாமா கத்தியிருப்பார்.

உன் கடிதம் ஆவணியில் பிறை பார்க்கிற அன்றைக்கு வந்தது. படித்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். அன்றும் தெற்குக் கொம்புதான் தூக்கலாக நின்றது. உன் ரோட்டையும் பஸ்ஸையும் நினைத்துச் சிரித்தேன். பூங்காக் காவல்காரரும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்துவிட்டுக் குடுக்கையை நீட்டினார். இந்தத் தடவை குழலாலேயே உறிஞ்சினேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

பயம் போயிற்று, கட்டுப்பாடும் போயிற்று. மறுநாள் கடலோர ரோடு முழுக்க நானாக நடந்தேன், நாற்காலி இல்லாமல். மரங்களில் துளிர் விட்டிருந்தது. லிஸ்பன் போகலாம், யாரும் தடுக்கவில்லை என்று நினைக்க நினைக்க ஆனந்தமாக இருந்தது. அந்தப் பெண் வந்தாள். வழக்கம்போல் நின்றாள், கல் எறிந்தாள், போய்விட்டாள். ரோட்டின் திருப்பத்தில் அவள் ஆத்தா நின்றுகொண்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன். தினமும் நின்றிருப்பாள் போல. தனியாகப் போகிறவளுக்கும் போய்ச் சேர ஒரு ஆள் வேண்டும். விடுதிக்குத் திரும்பியதும் என் கை தானாகப் படுக்கையைச் சுருட்டியது. இந்தத் தடவை யாரும் அழவில்லை என்பதால் முடிச்சு ஒழுங்காக விழுந்தது.

துரைசானி, "அந்த நிலவுக்காகவா போகிறாய்?" என்று கேட்டாள். இல்லை அம்மா, எனக்கு என் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றேன். பிறகு அவள் வரைந்த படங்களில் ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். அந்த ரோடும் ஆறும் உள்ள படம். உனக்குத்தான். அந்தப் பெண் சொன்னது சரி, அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் மறுகரை தெரியாத ஆறு எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஜப்பான் கப்பல் ஒன்றில் தளத்து டிக்கெட்டில் வந்தேன். முந்தாநாள் சாயங்காலம் மூன்றாம் பிறை. தளத்தில் நின்று பார்த்தேன். வலது கைப் பக்கம், வடக்குக் கொம்பு, நம் ஊர்ப் பிறை. ஒரு மாதத்தில் புரண்டு படுத்துவிட்டது. நான் விசும்பி அழுததைப் பார்த்து ஒரு ஜப்பான்காரர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கப்பலில் ஒருவருக்கு அம்மை. அதனால் தளத்தில் வந்த எங்களை இங்கே நிறுத்திவைத்துப் பார்க்கிறார்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை. விட்டதும் தந்தி கொடுக்கிறேன். சாவி உன்னிடம் இருக்கிறது. நான் வந்து திறக்க வேண்டும் என்று காத்திருக்காதே. சேனை நான் வைக்கக் கூடாது என்றாய். சரி, தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன்.

லிஸ்பன் எங்கும் போய்விடாது. நான் போவேன் அக்கா, ஒருநாள். சொல்லிக்கொண்டு போவேன்.

உன் தம்பி
ஆத்மநாதன்


குடுமியான்மலை
13-10-1937

தம்பிக்கு,

படுத்துக்கொண்டு பென்சிலால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நானும் சாய்ந்து கிடக்கிறேன் என்று வைத்துக்கொள். உன் தந்தி நேற்று வந்தது. இதை மாமா கையில் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன். அவரைப் பேசவிட்டால் பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் உனக்குச் சொல்வார். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

குளத்தூருக்குப் போகாதே. நான் நம் வீட்டில் இருக்கிறேன். உன் கொழும்புக் கடிதம் வந்த அன்றே மாமா பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. மாமியாரே ஒரு கல்லை எடுத்து ஒரே போடாகப் போட்டார். "புள்ளத்தாச்சிய வாசல்ல நிக்க வச்சிருக்கு பாரு, துருப்புடிச்ச பூட்டு" என்று அதையும் திட்டினார். புதுப் பூட்டு நீதான் வாங்க வேண்டும்.

ஐப்பசி என்றார்கள். உன் மருமகளுக்குப் பொறுமை இல்லை. இன்று விடியலில் பிறந்துவிட்டாள். பெண். நான் நலம், அவளும் நலம். கண்ணைத் திறந்ததும் வாசல் பக்கம்தான் பார்த்தாள். புரட்டாசிக்குள் வருவேன் என்றாய். இன்னும் புரட்டாசிதான், நீ சொன்ன சொல் தவறவில்லை.

செவந்தி சர்க்கரைத் தண்ணீரைக் கிண்ணத்தில் கலக்கிக்கொண்டு சேனை வைக்க வந்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன். என் தம்பி ரயிலில் வந்துகொண்டிருக்கிறான், அவன் வந்து வைப்பான் என்றேன். மாமியார் பதறிப் போனார். "அவன் வச்சா அவன் புத்தி ஒட்டிக்கும்டி, அதுவும் பொட்டப்புள்ளைக்கு! நாளைக்கு ஊரு ஊரா சுத்துவா" என்றார்.

சுற்றட்டும் என்றேன்.

சீக்கிரம் வா. கிண்ணம் மூடி வைத்திருக்கிறது. பசியில் கத்துகிறாள்.

அக்கா